கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது எப்படி?



மதரஸா விட்டு வந்த பேரன் ஒருநாள் கேட்டான்: "நன்னா, கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கே, நம்ம கிணத்துத் தண்ணி எப்படி உப்பு இல்லாம இருந்துச்சு?" நல்ல கேள்வி. ஆனால் அவன் 'இருக்கு' என்று சொல்லவில்லை, 'இருந்துச்சு' என்றான். அது என்னைத் தைத்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஏற்கெனவே பழைய கதை ஆகிவிட்டது. அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள்.

முதலில் உப்பளம். பாத்தி கட்டிக் கடல்நீரை நிறுத்துவதையும், வெயிலில் நீர் வற்றி வெள்ளையாய் உப்பு பூப்பதையும் நம் பகுதியில் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு பாத்தியில் தங்கிவிடுகிறது. தண்ணீர் எங்கே போனது? ஆவியாகி மேலே போனது. போகும்போது உப்பைத் தன்னோடு தூக்கிச் செல்லவில்லை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து வருகிறது. அதற்கு எவ்வளவு எண்ணெயும் மின்சாரமும் செலவாகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் கண்ணெதிரே உள்ள பாக் விரிகுடாவில் அதே வேலையைச் சூரியன் தினமும் செய்கிறது, பில் எதுவும் அனுப்பாமல்.

உலகத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? ஏறத்தாழ 138 கோடி கன கிலோமீட்டர் என்று சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. 100 லிட்டர் பிடிக்கும் ஒரு டிரம்மில் உலகத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றியதாக வைத்துக்கொள்வோம். அதில் 97 லிட்டருக்கும் மேல் உப்புநீர். இரண்டரை லிட்டர்தான் நல்ல தண்ணீர். அந்த இரண்டரையிலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் துருவங்களிலும் மலைகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. முக்கால் லிட்டர் நிலத்தடியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஆறு, ஏரி, குளம் அத்தனையிலும் உள்ள நல்ல தண்ணீரைச் சேர்த்தால் ஒன்றரை தேக்கரண்டி. வானத்தில் ஆவியாகவும் மேகமாகவும் இருப்பது 1 மில்லி.

அந்த 1 மில்லிதான் உலகத்துக்கே தண்ணீர் ஊட்டுகிறது! ஒரு துளி ஆவி சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான் வானத்தில் தங்கும். பிறகு மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். உடனே புதிய ஆவி அந்த இடத்துக்கு ஏறும். இருப்பு சிறியதுதான். ஓட்டம் நிற்காததால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தச் சங்கதியை மனிதர்கள் வெகுகாலம் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ஆறுகள் வெறும் மழையால் ஓடுமா, கடல்நீர் பூமிக்கடியில் ஊறி வந்து மலையில் ஊற்றாகிறது என்றே பல அறிஞர்கள் எண்ணினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்கரஜீ என்ற கணித அறிஞர், மறைந்திருக்கும் நிலத்தடி நீரைக் கண்டறிந்து வெளிக்கொணர்வது பற்றி அரபியில் ஒரு நூலே எழுதினார். ஆனால் அளந்து கணக்குக் காட்டியவர் பிரான்சு நாட்டின் பியர் பெரோ. செய்ன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை, அங்கே ஆற்றில் ஓடும் நீரைப்போல் ஆறு மடங்கு என்று 1674இல் அவர் எழுதினார். சந்தேகத்தைத் தீர்த்தது அந்தக் கணக்குதான்.

இனி நம் மழைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, சுமந்து வரும் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நமக்கு வருவது மிச்சம். அக்டோபரில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும்போது வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. நம் கரையோரத்துக்குப் பெருமழை அதுதான். கப்பலோட்டிய அரபுகள் காற்றின் இந்தக் காலக் கணக்கை 'மவ்ஸிம்' என்றார்கள். ஆங்கிலத்தில் இன்று 'மான்சூன்' என்று சொல்வது அந்தச் சொல்லிலிருந்து வந்ததே.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலைவன நாட்டுக்காரர் கேட்டால் பொறாமைப்படுவார். ஆனால் அது சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மலையில் பிறந்து ஆண்டெல்லாம் ஓடிவரும் ஆறும் நமக்கில்லை. வெள்ளாறு, அம்புலியாறு, அக்கினியாறு எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். அதனால்தான் முன்னோர்கள் மாவட்டம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை வெட்டினார்கள். ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் வாய்க்கால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். இப்படி இறங்கி இறங்கிக் கடைசியில்தான் கடல். பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. இரண்டிலிருந்தும் சத்தமில்லாமல் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நம் கிணறுகளுக்கு வந்தது அந்தப் பங்கும், மணலில் நேரடியாக விழுந்த மழையும்தான்.

இப்போது பேரனின் கேள்விக்கு நேர் பதில். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசானது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே பரவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பர்க்கும் நூறாண்டுக்கு முன்பே தனித்தனியாக இதைக் கணக்கிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது, இல்லையா? இதைத் திருப்பிப் படியுங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருக்கும் உப்பு 40 மீட்டர் ஏறிவரும். கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் உறைகிணறு ஏன் கெடவில்லை என்பதற்கும், "இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும்" என்று போட்ட போர் ஏன் உப்பானது என்பதற்கும் காரணம் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டில் நானே போட்ட போரும் அப்படித்தான் போனது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

மேலிருந்தும் உப்பு இறங்கலாம். கடற்கரையோரம் உப்புநீரைத் தேக்கும் இறால் பண்ணைகளால் குடிநீர்க் கிணறுகளும் வயல்களும் கெடுகின்றன என்று தஞ்சைப் பகுதியின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11இல் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குட்டைகள் கூடாது என்றது. பிறகு 2005இல் தனிச்சட்டம் வந்து, உரிமம் பெற்ற பண்ணைகள் நடக்கின்றன. அவற்றை நம்பியும் நம் ஊர்க் குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் குடிநீர்க் கிணற்றுக்கும் உப்புநீர்க் குட்டைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்பது ஜமாஅத்தின் உரிமை.

"அதான் குழாயில் காவிரித் தண்ணீர் வருதே" என்பார்கள். உண்மைதான், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் நம் மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் காவிரி நீர் வருகிறது. குடகு மலையில் பெய்த மழை நம் குடத்துக்கு வருவது பெரிய நிஃமத். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்த பிறகான நாட்களை நினைத்துப் பாருங்கள். மின்கம்பங்கள் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி வெறும் தூண்தான். அன்றைக்குக் கைகொடுத்தது அடிபம்பும் மூடாமல் விட்ட பழைய கிணறும்.

இனிச் செய்யக்கூடியது. 1,000 சதுர அடி மாடியில் ஓராண்டில் விழும் மழை 80,000 லிட்டருக்கு மேல். சிந்துவது, சிதறுவது போக 65,000 லிட்டராவது பிடிக்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றாலும், ஆண்டுக்கு 15,000 லிட்டருக்குள்தான். கேன் தண்ணீருக்குக் கொடுக்கும் காசை ஒரு தாளில் எழுதி இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5,000 சதுர அடி கூரையுள்ள பள்ளிவாசல் என்றால் மூன்று லட்சம் லிட்டரைத் தாண்டும்.

2003இலேயே அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அன்று பதித்த குழாய் இன்னும் சுவரில் நிற்கிறது, கீழ்முனை தெருச் சாக்கடையைப் பார்த்தபடி. அதைத் திருப்புவதுதான் வேலை. ஐப்பசிக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். அதன்பின் வருவதை, ஜல்லியும் மணலும் கரியும் போட்ட வடிகட்டி வழியாக மூடியுள்ள தொட்டியில் பிடியுங்கள். கொசு புகாமல் வலை கட்டுங்கள். குடிப்பதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தொட்டி நிறைந்து வழிவதைப் பழைய கிணற்றுக்கோ, உறை இறக்கிய குழிக்கோ விடுங்கள். ஒரு மழையில் கிணற்று உப்பு மாறாது. ஆனால் வருடா வருடம் இறங்கும் நல்ல தண்ணீர் கீழே உள்ள உப்பை மெல்ல அழுத்தும். ஒரு வீடு மட்டும் செய்தால் அது பக்கத்து வீட்டு மோட்டாருக்குப் போய்விடும். தெருவோடு சேர்ந்து செய்தால்தான் பலன்.

ஒளு செய்யும் இடத்திலும் ஒரு சோதனை செய்யலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஓதியிருக்கிறோம். இன்றைய அளவில் அது முக்கால் லிட்டருக்குள். ஹவுளு இருந்த பள்ளிகளில் அள்ளிச் செய்தோம், இப்போது குழாய். பிள்ளைகளை விட்டுக் குழாயின் கீழே ஒரு வாளி வைத்து, ஒரு ஒளுவுக்கு எவ்வளவு சேருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். என் பேரன் அளந்தான். வாளியில் பாதியைத் தாண்டியது. அளந்தது என் ஒளுவை.