மௌனம் வெற்றியாகாது

நள்ளிரவில் எவரும் அருகில் இல்லாதபோதும் சர்வர் தன்னிடமுள்ள தகவல்களுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்கிறது. குறித்த நேரத்தில் குறித்த கட்டளைகளை இயக்குவது ‘கிரான்’ என்னும் நிரலின் பணி. அந்த வேலை ஒருநாள் நின்றுபோனால் நமக்கு எப்படித் தெரியும்? உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

நிரலாளர்களின் படைப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது சுமார் 4.5 கிகாபைட்டே. காப்புப் பிரதியைத் தேடினர். சேமிப்பிடம் காலியாக இருந்தது!

காரணம் யாது? தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பு. பிரதி எடுக்கும் ‘பிஜி டம்ப்’ கருவியோ 9.2 பதிப்பு. தன்னினும் புதிய பதிப்பை அக்கருவி ஏற்காது. பிழை காட்டி நின்றுவிடும். அப்பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரை உறுதி செய்யும் ‘டிமார்க்’ ஏற்பாடு இல்லாமையால், பெறும் இடத்தில் மறுக்கப்பட்டன. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த நகலே கைகொடுத்தது. இடைப்பட்ட தகவல்கள் மீளவில்லை.

சர்வரைப் புதுப்பிக்கும் எவருக்கும் இது நேரலாம். ஆகவே, புதுப்பித்தவுடன் மூன்றைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, கருவி. நாம் தட்டச்சு செய்யும்போது இயங்கும் கட்டளை, கிரானில் இயங்காமற் போகலாம். நிரல்களைத் தேடும் பாதைகள் கிரானுக்கு மிகச் சிலவே. ஆதலால் கருவியின் முழுப் பாதையையும் எழுதி, அதன் பதிப்பையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, முடிவுக் குறி. பிரதியைச் சுருக்குவதற்காக டம்ப் கருவியின் வெளியீட்டை ‘ஜீஜிப்’ நிரலுக்குக் குழாய்வழி அனுப்புவது வழக்கம். ஷெல் கடைசி நிரலின் முடிவை மட்டுமே பார்க்கிறது. இல்லாத தரவுத்தளத்தின் பெயரைக் கொடுத்து ஆய்வகத்தில் சோதித்தேன். டம்ப் தோற்றது, ஆயினும் முடிவுக் குறி வெற்றியைக் காட்டும் 0! இன்றைய தேதியுடன் ஒரு கோப்பும் உருவாகியிருந்தது. அதன் அளவு 20 பைட். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ என்னும் அமைப்பை இட்டபின் தோல்வி வெளிப்பட்டது. கோப்பின் அளவையும் நாள்தோறும் பார்ப்பது நலம்.

மூன்றாவது, அறிவிப்பு. தோல்விச் செய்தி வரவில்லை என்பதால் வெற்றி என்று கொள்ளலாகாது. செய்தி கொணரும் வழியே அடைபட்டிருக்கலாம். வேலை முடிந்ததும் வெற்றிச் செய்தி வேறொரு கணிப்பொறிக்குச் செல்ல வேண்டும். உரிய நேரத்தில் அது வராவிடில் அக்கணிப்பொறி எச்சரிக்க வேண்டும்.

இவையனைத்தும் செய்தாலும் இறுதிச் சோதனை ஒன்றுண்டு. பிரதியை வேறொரு கணிப்பொறியில் மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மீட்டுப் பார்க்காத பிரதியும் ஆபத்துக்கு உதவாது.