நாற்பது டிகிரியில் எந்த நாய்?

நாய்க்குட்டி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது குட்டி என்ன விலை என்பதைத்தான். ஆனால் நாய் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் வீட்டிலிருந்து போகும் பணத்தில் அந்த விலை ஒரு சிறு துண்டு. லாப்ரடார் குட்டி ஒன்றை 15,000 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வளர்ந்தபின் அது நாளைக்குச் சுமார் 350 கிராம் உலர்தீவனம் தின்னும். கிலோ 300 ரூபாய் என்று போட்டால் மாதம் 3,150 ரூபாய். 11 வருடம் வாழ்ந்தால் தீவனத்துக்கு மட்டும் நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். வீட்டிலேயே சோறும் கோழியும் வேகவைத்துப் போட்டால் இந்தச் செலவு நன்றாகக் குறையும். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மாத்திரை, நடுவில் வரும் நோய்நொடி எல்லாம் இதற்கு மேல். ஆகவே 15,000 ரூபாய் நாயா, 60,000 ரூபாய் நாயா என்று யோசிப்பதைவிட, பத்து வருடம் நம் ஊர் வெயிலில் எது கஷ்டப்படாமல் வாழும் என்று யோசிப்பதுதான் முறை. அப்படி யோசித்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: எந்தக் குணத்துக்காக ஒரு நாய்க்கு விலை ஏறுகிறதோ, அநேகமாக அதே குணம்தான் சித்தூர், திருப்பதி பக்கம் அதன் பராமரிப்புச் செலவையும் ஏற்றுகிறது.

ஹஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அழகே ரோமம்தான், விலையும் அதற்குத்தான். சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட நாய் அது. அதன் ரோமம் இரண்டு அடுக்காக இருக்கும். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. திருப்பதியில் மே மாதம் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற ஈரம் ஆவியாவதைத் தவிர வேறு வழி இல்லை. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதற்கு உள்ள ஒரே வழி. இரைத்தும் தீராதபோது உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டுகிறது. அதன் பெயர் வெப்பத் தாக்கு, உயிர் போகும். சிலர் ரோமத்தை மொட்டையடித்துவிடுகிறார்கள். அது நேரடி வெயிலைத் தோலில் இறக்கிவிடுவதோடு சரி. ரோமம் பழையபடி வளராமலும் போகலாம். மிச்சம் இருப்பது ஏசி. மணிக்கு ஒரு யூனிட் வீதம் பகலில் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 300 யூனிட். வீட்டுச் செலவுக்கு மேல் வரும் இந்த யூனிட்டுகள் மேல் அடுக்கு கட்டணத்தில் விழும். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,700 ரூபாய். நாலு மாதக் கோடைக்கு 10,800. பத்து வருடத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம். 50,000 ரூபாய் கொடுத்து வாங்கிய நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மின்கட்டணமே ஆகிவிடுகிறது.

பழகிவிடும், சென்னையில்கூட ஹஸ்கி பத்து வருடம் வாழ்கிறதே என்பார்கள். வாழ்கிறது, உண்மைதான். இன்வெர்ட்டரும், விடியற்காலையில் நடத்திக்கொண்டு போக ஒரு ஆளும், மின்சாரம் போனால் ஈரத்துணி போட வீட்டில் எப்போதும் ஒருவரும் இருப்பதால் வாழ்கிறது. மைல் கணக்கில் ஓடுவதற்குப் பிறந்த பிராணி, வருடத்தில் மூன்றில் ஒரு பங்கை மூடிய அறையில் கழிக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். நாங்கள் எப்படியும் ஏசி போடத்தானே போகிறோம் என்கிற வாதமும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் ஏசி ஓடுவது இரவில். நாய்க்கு வேண்டியது பகல் ஒரு மணிக்கு, எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். செயின்ட் பெர்னார்டு, சௌசௌ, திபெத்திய மாஸ்டிஃப் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சப்பை மூக்கு நாய்களின் கதை இன்னும் வருத்தமானது. 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு பக் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடியது. அதற்குப் பிறகு இந்தியா முழுவதும் பக் குட்டிகளுக்கு மவுசு வந்தது. இப்போது அந்த இடத்துக்கு பிரெஞ்சு புல்டாக் வந்திருக்கிறது, பல மடங்கு விலையில். நாயின் மூக்குக்குள் இருக்கும் ஈரப்பரப்புதான் அதற்குக் குளிர்விக்கும் இயந்திரம். முகத்தைச் சப்பையாக்கி இனம் பெருக்கும்போது அந்தப் பரப்பு சுருங்குகிறது. மூக்குத் துவாரம் இடுங்குகிறது. மேலண்ணத்தின் மென்தசை தொண்டையை அடைக்கிறது. இந்த நாய் தூங்கும்போது விடும் குறட்டையை நாம் ரசிக்கிறோம். அது மூச்சுக்குப் போராடும் சத்தம். துவாரத்தை அகலப்படுத்த அறுவை சிகிச்சை உண்டு, செலவும் உண்டு. பிரெஞ்சு புல்டாக் குட்டி ஏன் அவ்வளவு விலை என்றும் கேட்க வேண்டும். குட்டிகளின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல்; பெரும்பாலும் சிசேரியன் செய்துதான் குட்டிகளை எடுக்கிறார்கள். தாயின் ஆபரேஷன் செலவு குட்டி விலைக்குள் இருக்கிறது. தானாகப் பிரசவிக்க முடியாத ஒரு உடலைப் பணம் கொடுத்து இன்னொரு தலைமுறைக்கு நீட்டிக்கிறோம். எந்தக் காரணத்துக்காகவும் இந்த ஊரில் இதை வாங்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெரிய உருவத்துக்காக வாங்கப்படும் நாய்களில் செலவு எடையோடு சேர்ந்து ஏறும். பூச்சி மருந்து, ஆன்டிபயாடிக், மயக்க மருந்து எல்லாமே கிலோ கணக்கில்தான் கொடுக்கப்படுகின்றன; உண்ணி மாத்திரையும் எடைக்கு ஏற்ற அளவுகளில்தான் வருகிறது. 60 கிலோ கிரேட் டேனுக்கு மருந்து, 20 கிலோ நாய்க்கு ஆவதைப்போல் மூன்று மடங்கு. அத்தனையும் செய்தும் கிரேட் டேன் வாழ்வது பொதுவாக ஏழிலிருந்து பத்து வருடம். ராட்வைலர் போன்ற காவல் இனங்களுக்குச் சட்டச் செலவும் சேரும். 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடை போனாலும் பொறுப்பு போகவில்லை: வளர்ப்பவரின் அஜாக்கிரதையால் நாய் பிறருக்கு ஆபத்தானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. விலை கூடினால் நாய் உயர்ந்தது என்கிற நினைப்புக்கு ஒரு உதாரணம்: 2025-இல் பெங்களூரில் ஒருவர் 50 கோடி ரூபாய்க்கு ஓநாய்க் கலப்பு நாய் வாங்கினார் என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அமலாக்கத் துறை சோதனைக்குப் போனபோது அப்படிப் பணம் கைமாறியதற்கு ஆதாரம் இல்லை என்று செய்திகள் வந்தன.

லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் நடுவில் நிற்கின்றன. லாப்ரடார் குழந்தைகளோடு ஒட்டும், கற்றுக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். லாப்ரடாருக்குக் கூடுதலாகப் பசி அடங்காது, கொழுத்தால் மூட்டு சீக்கிரம் போய்விடும். நிழலும் தண்ணீரும் கொடுத்து, தீனியை அளவோடு வைக்கத் தெரிந்த குடும்பம் லாப்ரடார் வாங்குவதில் தப்பில்லை.

நம் இனங்களுக்கு வருவோம். சித்தூர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மூன்றடி உயரத்தில், காய்ந்த மேய்ச்சலில் பிழைத்து, கெட்டியான பால் தந்த புங்கனூர் மாட்டைப் பால் அளவு போதாது என்று இந்த மாவட்டமே கைவிட்டது. கலப்பின மாடுகள் வந்தன. கடைசியில் பலமநேர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை. இன்று அதே மாட்டுக்கு லட்சக்கணக்கில் விலை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, வடக்கே முதோல் நாய்களும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தவைதான். 2005-இல் ராஜபாளையத்துக்கும் முதோலுக்கும் தபால்தலை வந்தது. 2016-இல் முதோல் நாய்கள் ராணுவப் பயிற்சிக்காக மீரட்டுக்குப் போயின. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்தப் பெயர்களைச் சொன்னார். சிப்பிப்பாறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வெயிலுக்கு ஏன் தாங்குகிறது என்பது புரியும்: தோலோடு ஒட்டிய குட்டை ரோமம், ஒட்டிய வயிறு, கொழுப்பில்லாத விலா, ஆழமான மார்பு, நீண்ட முகம். லாப்ரடார் தின்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் அதற்குப் போதும். களியும் மோரும் முட்டையும் இறைச்சியும் கலந்து வீட்டிலேயே ஓட்டிவிடலாம்.

இவை குறையே இல்லாத நாய்கள் என்று சொல்வது பொய். இவை ஓடி வேட்டையாடப் பிறந்தவை. திருப்பதியில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் அடைத்தால் சோபாவைக் கிழிக்கும், பூனையைக் கண்டால் சங்கிலியை அறுக்கும். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்ந்தால் வம்பு வரும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம். குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெள்ளையாக இருக்கும் ஏதோ ஒரு கலப்பை அந்தப் பெயரில் விற்பதும் நடக்கிறது. பார்வோ வைரஸும் உண்ணிக் காய்ச்சலும் நாட்டு இனம் என்று விட்டுவைப்பதில்லை. ஊசி போட்டே ஆக வேண்டும். ஆனால் சித்தூர் பக்கம் சுற்றுச்சுவர் உள்ள வீடோ மாந்தோப்போ வைத்திருக்கிறவர் காவலுக்கு நாய் தேடினால், ராட்வைலரைவிடக் கோம்பைதான் அவருக்குச் சரி.

அடுக்ககத்தில் இருப்பவருக்கு என்ன என்றால், தெருவில் பிறக்கும் நாட்டு நாய்க்குட்டிதான் என் முதல் பதில். விலை கிடையாது. இந்த வெயிலும் இந்தத் தெருவும் பல தலைமுறையாகச் சலித்தெடுத்த உடல் அது. முதல் வருடம் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஆகும் செலவு, நல்ல ஜாதிக் குட்டி ஒன்றுக்குக் கொடுக்கும் முன்பணத்தைத் தாண்டாது. குணம் எப்படி வருமோ என்று பயப்படுகிறவர்கள், கருத்தடை செய்து காதில் வெட்டு போட்ட வளர்ந்த நாயாகப் பார்த்து எடுக்கலாம்; அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிரியத்துக்குக் கணக்கு பார்ப்பதா என்று கேட்பவர்களை மதிக்கிறேன். பிரியம் உள்ளவருக்குத்தான் கணக்கு அவசியம். திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வெப்பத் தாக்கில் விழுந்த நாய்க்கு அந்தத் தூரம் மிக நீளம்.

எந்த இனமானாலும், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அட்டைப்பெட்டியில் வரும் குட்டிகளின் வயதை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் முளைத்திருக்கும். வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. அதற்குத் தாயைப் பார்க்க வேண்டும், அதுவும் மே மாத நண்பகலில். அந்த நேரத்தில் தாய் ஏசி இல்லாத இடத்தில் அமைதியாகப் படுத்திருக்கிறதா, அல்லது திணறுகிறதா என்று கவனியுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.