காட்டுவழி காப்போம்

ஈப்போ நகரின் மேற்கே நீண்டு கிடப்பது கிளேடாங் மலைத்தொடர். மெங்லெம்புவிற்கு அருகே எழும் கிளேடாங் மலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுடையது. விடுமுறைக் காலைகளில் பலர் அதன்மீது ஏறி மகிழ்கின்றனர். ஏறும் நாம், நம் கால்களைத் தாங்கும் பாதையைப் பற்றி என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

காட்டுப்பாதையின் முதற்பகை மழைநீர். காட்டினுள் சருகுகள் மண்ணைப் போர்வைபோல் மூடிக் காக்கின்றன. பாதையிலோ பலர் நடப்பதால் சருகு நீங்குகிறது. மண் இறுகி, நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதை, பெருமழையில் வாய்க்காலாகவே மாறிவிடும். வேர்கள் வெளிப்படும். சேற்றுக்கு அஞ்சி நாம் ஓரமாக நடப்போம். அங்குள்ள இளஞ்செடிகள் மிதிபட்டு மடியும். அரிக்கப்பட்ட மண், ஓடையின் தெளிநீரைக் கலக்கி, மீன்களுக்கும் ஊறு செய்யும்.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியவையே:

1. பாதை சரிவுக்குக் குறுக்காக, வளைந்து ஏறவேண்டும். பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயர்வது நல்ல அளவாகும்.

2. பாதையின் வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது நீர் பாதைவழியே ஓடாது, குறுக்கே வழிந்து காட்டினுள் சென்றுவிடும்.

3. செங்குத்தான இடங்களில் கல்லாலோ விழுந்த மரத்தாலோ படிகள் அமைக்கலாம். நீரை ஓரத்திற்குத் திருப்ப, கட்டைகளைச் சாய்வாகப் பதிக்கலாம். உயிருள்ள மரத்தை வெட்டுதல் கூடாது.

இவ்வறிவு நமக்குப் புதியதன்று. மலைச்சரிவுகளில் பால்மரம் நட்ட நம் முன்னோர், சரிவுக்குக் குறுக்கே படிப்படியாக மேடைகளை மண்வெட்டியால் வெட்டி மண்ணைக் காத்தனர். ஏட்டில் எழுதாமல், கைகளால் எழுதிய பாடம் அது!

கோலாலம்பூரில் உள்ள புக்கிட் கியாரா இதற்குச் சிறந்த சான்றாகும். இன்று நகர மக்கள் நாடும் அப்பசுங்குன்று, முன்னர் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. முதிய பால்மரங்களை அங்கே இன்றும் காணலாம். மிதிவண்டி ஓட்டுவோரும் நடைப்பயில்வோரும் ஊதியம் பெறாது, தம் கைகளாலேயே அங்குப் பாதைகளை அமைத்துப் பேணி வந்துள்ளனர். நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்தோரும் உளர்.

அங்குப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களை நாம் மறத்தலாகாது. 1980களில் தோட்டம் கைம்மாறியபின், அவர்கள் நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டு, நிலையான இல்லத்திற்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். பிறர் இன்று இன்புற்று நடக்கும் நிழலை வளர்த்தவர்களுள் அவர்களும் அடங்குவர். ஆதலின், பாதையைக் காப்பது மண்ணைக் காப்பது மட்டுமன்று. அம்மண்ணில் உழைத்தோரை நினைப்பதும் ஆகும்.

நாம் செய்யத்தக்கவை யாவை? பாதை வளையுமிடத்தில் குறுக்கே இறங்காதிருப்போம். குப்பையை வீட்டிற்கே கொண்டுவருவோம். சருகு அடைத்த நீர்வழியைக் கண்டால், உடன்வரும் பெரியவர்களிடம் கூறி, அடைப்பை நீக்குவோம். ஆயினும், புதிய பாதையோ படியோ அமைக்க வனத்துறையின் இசைவு வேண்டும். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் ஒதுக்கக் காடுகளைப் பாதுகாக்கின்றது. இசைவு பெற்று நடைபெறும் கோத்தோங் ரோயோங் பணியில் பெற்றோருடன் நாமும் கலந்துகொள்வோம்.

நன்கு அமைந்த பாதையில் நடப்பவர், அதை அமைத்தவரை அறியார். பெயர் வேண்டாது செய்யும் இத்தகைய பணியே தொண்டு. நமக்குப்பின் வருவோரின் கால் வழுக்காதிருக்க, நாமும் ஒரு கல்லை நேராக்கி வைப்போமாக!