எட்டயபுரம் பாரதி பிறந்த இல்லம்: நினைவிடமும் வாழ்விடமும்

தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தில், பாரதியார் 1882 டிசம்பர் 11இல் பிறந்த இல்லம் அரசு நினைவில்லமாகப் பேணப்பட்டு வருகிறது. அவ்வூரில் 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் நினைவுகூர்வதற்கென்றே எழுப்பப்பட்டது. இல்லமோ குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டது. ஆகவே, அது கவிஞர் வரலாற்றுக்கு மட்டுமன்றி ஊர்ப்புற வாழ்வியலுக்கும் சான்றாகும்.

நெல்லைச் சீமையின் அக்கிரகார வீடுகள் பெரும்பாலும் பக்கச்சுவர் ஒட்டி வரிசையாக அமைந்தவை. பக்கச் சாளரங்களுக்கு இடமின்மையால் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. திண்ணை தெருவோடு உறவாடும் இடமாகவும், அடுக்களையும் பின்கட்டும் பெண்களின் உழைப்புக் களமாகவும் விளங்கின. பாரதியின் ஐந்தாம் வயதில் மறைந்த தாய் இலட்சுமி அம்மாள் போன்றோரின் அன்றாடம் எழுத்தில் அரிதாகவே பதிவாகியுள்ளது. அதற்கு இத்தகைய இடங்களே சான்று. எனவே, பிறந்த அறையோடு அடுக்களையும் முற்றமும் அளந்து ஆவணப்படுத்தப்பெறல் வேண்டும்.