டைட்டானிக் கிட் வாங்குகிறீர்களா?

269 மீட்டர் நீள டைட்டானிக், 1/400 அளவு மாடல் கிட்டில் சுமார் 67 சென்டிமீட்டர், 1/700-இல் 38தான். அலமாரியை அளந்துவிட்டு வாங்குங்கள்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்காமல், சிறு கட்டரால் நறுக்கி, பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு போய் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். முதலில் வெள்ளை, பிறகே கறுப்பு. கறுப்பின் மேல் வெள்ளை அடித்தால் சாம்பல் தட்டும்.

துளையிட்ட வட்ட ஜன்னல்களுக்கு அருமையான வழி உண்டு: பல்குச்சி நுனியில் ஃபெவிக்கால் தொட்டுத் துளையின் விளிம்பில் சுழற்றுங்கள். பால் நிறப் படலம் காயக் காயக் கண்ணாடியாகத் தெளியும்.

புகைக்கரியை முதல் மூன்று புகைபோக்கிகளோடு நிறுத்துங்கள். கொதிகலன் புகை நான்காவதில் வந்ததில்லை; அது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கானது.