எழுதிய சங்கல்பம்

புதிய தாளில் எதை எழுதத் தொடங்கினாலும் அதன் தலைப்பில் பிள்ளையார் சுழி இடுவது தமிழர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். மளிகைச் சாமான் பட்டியலாயினும், திருமணத்திற்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர் வரிசையாயினும் அச்சுழி முதலில் வந்து அமர்ந்துவிடும். எழுதுவதே ஒரு தொடக்கம், காரியத்தில் கால் எடுத்து வைப்பது என்ற எண்ணம் அவ்வழக்கத்தினுள் பொதிந்திருக்கிறது. 'இன்று செய்ய வேண்டியவை' என்று நம்மில் பலரும் எழுதிக்கொள்ளும் சிறு பட்டியலை இதே எண்ணத்தோடு அணுகினால் அது சாதனைக்கு எவ்வாறு துணைபுரியும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு மயக்கத்தை அகற்றிக்கொள்வது நலம். விரும்பியதைத் தாளில் எழுதி, அது கிட்டிவிட்டதாகவே நாள்தோறும் பாவித்து வந்தால் பிரபஞ்சம் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற கருத்து இன்று வெகுவாகப் பரவியுள்ளது. அதற்கு ஆதாரமாக ஒரு கதையும் சொல்லப்படுகிறது. 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றோருள் 3 விழுக்காட்டினர் மட்டுமே தம் குறிக்கோளை எழுதி வைத்திருந்தனராம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய செல்வம் எஞ்சிய 97 விழுக்காட்டினரின் மொத்தச் செல்வத்தையும் விஞ்சியதாம். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குச் சான்றே இல்லை. உண்மையில் நடந்த ஆய்வொன்று வேறுவிதமாகப் பேசுகிறது. விரும்பியது இனிதே நிறைவேறிவிட்டதாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்களிடம் அதற்காக முயலும் ஊக்கம் குறைந்து காணப்பட்டது என்று ஹெதர் காப்பெஸ், காப்ரியேல் ஓட்டிங்கன் ஆகிய உளவியலாளர்கள் 2011-இல் எழுதினர். மனக்கோட்டையில் குடிபுகுந்தவருக்குச் செங்கல் சுமக்க மனம் வராது போலும்!

நம் மரபில் சங்கல்பம் எனப்படுவது இவ்வகைக் கற்பனையினின்றும் வேறானது. பூஜைக்கு அமர்ந்ததும் புரோகிதர் சொல்லச் சொல்ல நாம் திருப்பிச் சொல்லும் அந்த நீண்ட வாக்கியத்தை ஒருமுறை ஊன்றிக் கவனியுங்கள். ஜம்பூத்வீபம், பாரத வர்ஷம் என்று இடம் சொல்லப்படுகிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் நடப்பாண்டின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று காலம் சொல்லப்படுகிறது. எந்தப் பயனை நாடுகிறோம் என்பதும் வருகிறது. எனினும் அத்தனை பெரிய வாக்கியமும் 'கரிஷ்யே' என்னும் ஒற்றை வினைச்சொல்லில்தான் சென்று முடிகிறது. 'நான் செய்வேன்' என்பது அதன் பொருள். 'எனக்குக் கிடைக்கட்டும்' என்று அவ்வாக்கியம் முடிவதில்லை. பயன் அதற்கு முன்வரும் தொகைச்சொல்லில் அடங்கிவிடுகிறது. வடமொழி இலக்கணப்படி 'கரிஷ்யே' ஆத்மநேபதம். செயலின் பயன் செய்பவனையே சாரும்போது வரும் வடிவம். பிறருக்காகச் செய்யும்போது 'கரிஷ்யாமி' என்று வினை மாறும்.

இன்ன இடத்தில், இன்ன வேளையில், நான் இன்னதைச் செய்வேன். நமது பட்டியலுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் தேவையில்லை. 'உடல்நலம்' என்று எழுதினால் அது ஆசை. 'மாலை ஐந்தரை மணிக்குக் கோயில் குளத்தைச் சுற்றி அரைமணி நேரம் நடப்பேன்' என்று எழுதினால் அது சங்கல்பம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எடுத்துரைத்த கருத்தும் இதுவே. இன்ன வேளை வந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வோர், வெறுமனே குறிக்கோள் கொள்வோரைக் காட்டிலும் அதனைச் செய்து முடிப்பது மிகுதி என்று அவர் காட்டினார்.

கீதையைப் பயின்ற அன்பர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். எல்லாச் சங்கல்பங்களையும் துறந்தவனே யோகத்தில் ஏறி நின்றவன் என்று ஆறாம் அத்தியாயத்தின் 4-ஆம் சுலோகம் கூறுகிறது. ஆசைகள் சங்கல்பத்தினின்று பிறக்கின்றன, அவற்றை அறவே விடுக என்கிறது 24-ஆம் சுலோகம். அங்ஙனமாயின் நோட்டுப் புத்தகமும் பட்டியலும் எதற்கு? விடை 3-ஆம் சுலோகத்திலேயே இருக்கிறது. யோகத்தில் ஏற விழையும் முனிவனுக்குச் செயலே சாதனம். ஏறிவிட்டவனுக்குச் சமம் என்னும் அமைதி சாதனம். துறக்கச் சொல்லப்படும் சங்கல்பம், 'இது கிடைத்தால் இன்பம்' என்று பொருள்களின்மேல் மனம் ஏற்றிவைக்கும் கற்பனையாகும். கடமையைச் செய்வதற்கான உறுதி அதில் சேராது. நம்மில் பெரும்பாலோர் கீழ்ப்படிகளிலேயே நிற்கிறோம் என்பதால் பட்டியலைத் துறக்க இப்போதே அவசரப்பட வேண்டுவதில்லை.

இந்த உறுதியை எழுத்தில் கொண்டுவந்து பலருக்கும் பழக்கியவர் ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர். 1887-இல் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின் துறவு பூண்டவர். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவியவர். அவர் வகுத்த 'ஆன்மிக நாட்குறிப்பு' நோயாளியின் கட்டிலில் தொங்கும் மருத்துவக் குறிப்பேட்டை நினைவூட்டும். எப்போது துயில் எழுந்தீர்? எத்தனை மாலை ஜபம்? எவ்வளவு நேரம் மௌனம்? எத்தனை முறை பொய் சொன்னீர், அதற்கு என்ன தண்டனை விதித்துக்கொண்டீர்? எத்தனை முறை சினம் கொண்டீர்? வீண் சகவாசத்தில் எவ்வளவு நேரம் போயிற்று? எந்த நற்குணத்தை வளர்த்து வருகிறீர்? 'மனம் எப்படி இருந்தது?' போன்ற தப்பித்துக்கொள்ள வழியுள்ள கேள்விகளைவிட, எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்விகளே மிகுதி. கையால் மந்திரம் எழுதும் லிகித ஜபத்தையும் அவர் வலியுறுத்தினார். மனம் ஓடும் வேகத்திற்குக் கை ஓடாது. எழுதி முடிக்கும் வரை மனம் அந்தச் சொல்லோடு தங்கியே ஆக வேண்டும்.

இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790) தம் இளமையில் 13 நற்பண்புகளைத் தேர்ந்து ஒரு சிறு ஏட்டில் பக்கத்திற்கு ஒன்றாக எழுதினார். சிவப்பு மையால் கட்டங்கள் வரைந்து, தவறிய நாளில் கறுப்புப் புள்ளி இட்டார். வாரத்திற்கு ஒரு பண்பில் சிறப்பாகக் கருத்தைச் செலுத்தினார். ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகவே, கட்டங்களைத் தந்த ஏடுகளுக்கு மாற்றினார். பென்சில் புள்ளியை அவற்றில் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். 'ஒழுங்கு' என்ற பண்புதான் அவரை மிகவும் அலைக்கழித்ததாம். முழுமையை எட்டவேயில்லை என்றும், ஆயினும் முயலாதிருந்தால் அடைந்திருக்கக்கூடியதைவிட மேலான மனிதராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆனதாகவும் அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். காந்தியடிகளோ தென்னாப்பிரிக்காவில் கீதைச் சுலோகங்களைத் துண்டுத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டி, பல் துலக்கும் பதினைந்து நிமிடங்களில் மனப்பாடம் செய்தார். பதின்மூன்று அத்தியாயங்கள் அவ்விதம் அவர் நெஞ்சில் பதிந்தன.

எப்போது எழுதுவது? படுக்கைக்குச் செல்லும் முன் எழுதுவதே ஏற்றது என்று தோன்றுகிறது. 2018-இல் வெளியான பேலர் பல்கலைக்கழக ஆய்வில் 57 இளைஞர்கள் கலந்துகொண்டனர். உறங்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு சாரார் வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினர். மறுசாரார் செய்து முடித்தவற்றை எழுதினர். செய்ய வேண்டியதை எழுதியோர் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கினர். விவரமாக எழுதியோர் இன்னும் விரைவில் உறங்கினர். ஒரே ஓர் ஆய்வுதான். அதன்மேல் மாளிகை கட்ட வேண்டாம். ஆனால் கண்ணை மூடியதும் நாளைய கவலைகள் வரிசையில் வந்து நிற்பதை அறிந்தவர்களுக்கு, அவற்றைத் தாளிடம் ஒப்படைப்பதில் ஆறுதல் உண்டு.

பட்டியல் நீள வேண்டாம். ஐந்து வரிகளே ஒரு நாளைக்கு மிகுதி. அவற்றுள் ஒன்று ஜபமோ பாராயணமோ ஆகட்டும். ஒன்று பிறருக்காகச் செய்யும் பணியாகட்டும். மறுநாள் இரவு, செய்ததை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, செய்யாததைக் கையாலேயே அடுத்த பக்கத்தில் மீண்டும் எழுதுங்கள். ஒரே வரியை ஏழாவது இரவும் எழுத நேர்ந்தால் அங்கே சற்று நில்லுங்கள். பெரும்பாலும் அந்த வரியில் நேரமோ இடமோ விடுபட்டிருக்கும். இரண்டும் இருந்தும் நிறைவேறவில்லையெனில், அதைச் செய்யும் எண்ணம் நமக்கு உண்மையிலேயே உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் செய்ய முடிந்த சிறிய காரியம் ஒன்றை எழுதலாம்.