விதைநெல் தெரிவும் பொருள்களின் அடர்த்தியும்

கமக்காரர்களே! விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தால் மணிகள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், சில மணிகளில் அரிசி நிறைந்திருக்கும். சில பாதியே முற்றியிருக்கும். சில வெறும் பதராகும். பாதி முற்றிய மணி முளைத்தாலும் இளநாற்றை ஊட்டி வளர்க்கப் போதிய உணவு அதனுள் இராது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாட்டை அடர்த்தியைக் கொண்டு அறியலாம்.

அடர்த்தி என்பது யாது?

குறித்த கனவளவில் அடங்கும் திணிவே அடர்த்தியாகும். 1 லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 1 கிலோகிராம் நிறையுடையது. ஒரு பொருளின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் எத்தனை மடங்கு என்பதே சாரடர்த்தி. இதனைத் தன்னீர்ப்பு என்றும் கூறுவர். கடல்நீரின் சாரடர்த்தி ஏறக்குறைய 1.025. ஆதலின், மகாவலியாற்றில் மிதக்கும் தோணி, அதே சுமையுடன் கொட்டியாரக் குடாவை அடைந்ததும் சிறிது உயர்ந்து மிதக்கும். திரவத்திலும் அடர்த்தி குறைந்த பொருள் மிதக்கும், கூடியது அமிழும்.

நன்னீரில் பதர் மட்டுமே மிதக்கும். பாதி முற்றிய மணிகளிற் பல அமிழ்ந்துவிடும். கடல்நீரும் இதற்குப் போதாது. 10 லீற்றர் நீரில் 1.5 கிலோகிராம் உப்பைக் கரைத்தால் நிறை 11.5 கிலோகிராம் ஆகும். கனவளவோ ஏறக்குறைய 10.5 லீற்றரே. ஆகவே சாரடர்த்தி 1.09 வரை உயரும். இம்முறை யப்பானில் 1880களிலேயே விதைத்தெரிவுக்குக் கையாளப்பட்டது.

செய்முறை

1. மேற்கூறிய அளவில் கறியுப்பை நன்கு கரைக்குக.
2. அன்றிட்ட கோழிமுட்டையை அதில் இடுக. முட்டை மிதந்து, மேற்புறம் சிறு நாணயமளவு வெளியே தெரிதல் வேண்டும். அமிழ்ந்தால் மேலும் உப்பிடுக. பழைய முட்டையினுள் காற்றறை பெருத்திருக்கும். அது மெலிந்த கரைசலிலும் மிதந்து ஏமாற்றும்.
3. நெல்லைச் சிறிது சிறிதாக இட்டுக் கிளறி, மிதப்பவற்றை உடனே அகற்றுக.
4. அமிழ்ந்த நெல்லைத் தாமதியாது எடுத்து, நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவுக. உப்புத் தங்கினால் முளை கெடும்.
5. அடுத்த தொகுதிக்கு முன் முட்டையால் மீண்டும் சோதிக்குக.

எஞ்சிய உப்புநீரை வயலிலோ, மரக்கறித் தோட்டத்திலோ, கிணற்றருகிலோ ஊற்றலாகாது. மிதந்த நெல்லைக் கழுவி உலர்த்திக் கோழிகளுக்கு இடலாம்.

தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாயிலும் பெரும்போகத்துக்கு விதைநெல் ஊறவைக்குமுன் இச்சோதனையைச் செய்வீராக. செலவு சிறிது உப்பே. பயன் ஒரே சீராய் எழும் வலிய நாற்று.